மனோராவும் எண்பதாயிரம் கலமும்

மல்லிப்பட்டினத்துப் பக்கம் கடற்கரையில் மனோராவை அண்ணாந்து பார்த்துவிட்டு என் சகோதரியின் பிள்ளை கேட்டான்: "மாமா, மனோரான்னா மனோகரம்னு அர்த்தமா?"

எட்டு அடுக்குக் கோபுரம். எதிரே நீலக் கடல். அவன் அப்படி நினைத்ததில் தவறில்லை. 'மினார்' என்ற சொல்தான் நம் ஜனங்களின் வாயில் மனோராவாகிவிட்டது என்றேன். "எதுக்காகக் கட்டினா?" என்று அடுத்த கேள்வி வந்தது. அங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது.

நெப்போலியன் வீழ்ந்ததற்காகக் கட்டியது! இரண்டாம் சரபோஜி மன்னர் ஆங்கிலேயரின் நண்பர் என்ற ஹோதாவில் எழுப்பிய ஸ்தூபி. ஊரில் வாட்டர்லூ வெற்றிக்காக என்பார்கள். ஆனால் கல்வெட்டில் இருக்கும் வருஷம் 1814; வாட்டர்லூ நடந்ததோ 1815 ஜூன் 18. கல்லில் விழுந்துவிட்ட நெப்போலியன் மறு வருஷமே எல்பாத் தீவிலிருந்து எழுந்து வந்துவிட்டான். யுத்த வெற்றியைக் கல்லில் வெட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பரிகாசம் வேண்டுமா?

வெற்றி யாருடையது? 1799-ஆம் வருஷத்து உடன்படிக்கையில் ராஜ்யத்தைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு, தஞ்சைக் கோட்டையும் சுற்றுப்புறமுமே தம்முடையது என்று இருந்தவர் சரபோஜி. அவரை ஏச எனக்கு மனம் வரவில்லை. சரஸ்வதி மகாலை நினைத்தால் நாக்கு எழாது. என் கோபமெல்லாம், இன்றும் குழந்தைகளை அழைத்துப் போய் 'வெற்றிச் சின்னம்' என்று பெருமையாகக் காட்டுகிற நம்மீதுதான்.

அதே மன்னர் இன்னொரு கல்லும் வைத்தார். தஞ்சை சிவகங்கைத் தோட்டத்து மாதா கோவிலில், ஃபிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பி செதுக்கிய சலவைக் கல் இருக்கிறது. மரணப் படுக்கையில் ஒரு கிழவர், பக்கத்தில் மன்னர். கிழவர் ஸ்வார்ட்ஸ் பாதிரியார், சரபோஜியின் குரு, 1798-இல் காலமானவர்.

1779-இல் கம்பெனி அவரைச் சமாதானத் தூதராக ஐதர் அலியிடம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பியது. "அந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்கள்" என்று ஐதரே கேட்டதாகச் சொல்வார்கள். தூது பலிக்கவில்லை. அனுப்பியவர்கள் அதற்குள் மாஹேயைப் பிடித்து ஐதரின் கோபத்தைக் கிளறியிருந்தார்கள், பலிப்பது எப்படி? வழிச் செலவுக்கு ஐதர் கொடுத்த 300 ரூபாயைக்கூடப் பாதிரியார் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்.

பிறகு வந்தது ஐதர் கலாபம். 1781-இல் காவேரிச் சீமை பாழாயிற்று. தஞ்சைக் கோட்டைக்குள் ஜனங்கள் பசியால் தெருவில் விழுந்து செத்தார்கள். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. கொண்டுவர மாடில்லை, ஆளில்லை. முன்பு கொடுத்த மாட்டுக்கும் நெல்லுக்கும் சர்க்கார் காசு தராமல் ஏமாற்றியிருந்தது. குடியானவன் மறுபடி நம்புவானா? "பணத்துக்கு நான் பொறுப்பு" என்று ஸ்வார்ட்ஸ் வாக்குக் கொடுத்தார். இரண்டொரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. ராஜாவின் முத்திரைக்குக் கிடைக்காத நெல்!

"கோட்டைச் சிப்பாய்க்குச் சோறு போட்டதும் யுத்தத்துக்குத் துணைதானே?" என்று கிறிஸ்தவ நண்பர் ஒருவரே என்னை மடக்கினார். நியாயமான கேள்வி. பாதிரியார் கம்பெனிப் பட்டாளத்துக்கும் ஊழியம் செய்தவர்தான். ஆனால் தெருவில் கிடந்தவன் சிப்பாயா, சேரிக்காரனா என்று பார்த்தா கஞ்சி ஊற்றுவது? மலைப் பிரசங்கத்தின் பாக்கியவான்கள் வரிசையில் சமாதானம் செய்கிறவனுக்கு இடம் இருக்கிறது; ஜெயித்தவனுக்கு இல்லையே என்றேன். நண்பர் சிரித்துவிட்டு, "எங்கள் கோவில்களிலேயே ஜெயித்த தளபதிகளுக்குத்தான் சலவைக் கல் அதிகம்" என்றார்.

அந்த எண்பதாயிரம் கலத்தைச் சொல்லும் பலகை ஒன்றைத் தஞ்சையில் நான் பார்த்ததில்லை. அடுத்த லீவில் பையனை மாதா கோவிலுக்கு அழைத்துப் போகப் போகிறேன். "அது எத்தனை மாடி?" என்று இப்போதே கேட்கிறான்.