அவசர சிகிச்சையும் கைப்பழக்கமும்

விழுப்புரத்துக்கு அணித்தே உள்ள திருவாமாத்தூர், அபிராமேசுவரர் கோயிலாலும் தேவாரப் பாடலாலும் கீர்த்தி பெற்ற ஸ்தலம். அதைச் சுற்றியுள்ள கழனியிலும் கரும்புக் கொல்லையிலும் உழைக்கும் ஒரு கூலியாளைப் பாம்பு தீண்டினாலும், பிரசவித்த பெண்ணுக்கு உதிரம் நில்லாது பெருகினாலும், ரஸ்தாவில் ஒருவன் வண்டியில் அடிபட்டாலும், முதலில் வந்து சேர்பவர் டாக்டர் அல்லர். 108 ஆம்புலன்ஸில் வரும் மருத்துவ உதவியாளரே. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியை அடையும் வரையில் நோயாளியின் பிராணன் அவர் கையில் இருக்கிறது. அது பழகிய கையா, பழகாத கையா என்பதே நமது கேள்வி.

நம் ராஜ்யத்தில் இச்சேவை 2008 செப்டம்பரில் தொடங்கிற்று. அதில் உழைப்போர் இரவு பகல் பாராது ஆற்றிவரும் தொண்டை நாம் போற்றுகிறோம். அவர்களிடம் குறை காண்பது நமது நோக்கமன்று. அவர்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்பதே நோக்கம்.

ஜனங்கள் நரம்பு என்று சொல்லும் சிரையில் ஊசி ஏற்றி, ஊசியை உருவிவிட்டு, மெல்லிய குழாயை உள்ளே நிறுத்துவது பார்ப்பதற்கு அற்பக் காரியமாகத் தோன்றும். ஆயினும் மருந்தும் திரவமும் இரத்தமும் உடம்புக்குள் செல்வது இவ்வழியாகவே. பாம்பு விஷத்துக்கு மாற்று மருந்தும் இவ்வழியாகவே ஏற வேண்டும். உதிரம் வடிந்தவனுக்குச் சிரைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். குழந்தையின் சிரையோ நூல் போன்றது. இருட்டில், ஓடும் வண்டியின் குலுக்கலில், உறவினர் அழுகைக்கு நடுவே அதைக் கண்டுபிடிப்பது கண் அன்று, விரல் நுனியே. ஒரு முறை தவறினால் அச்சிரை வீங்கி உதவாமற் போகும். வேறிடம் தேட வேண்டும். இந்த வித்தை புத்தகத்தால் வருவதன்று; செய்து செய்தே வரும். சில மாதங்கள் செய்யாதிருந்தால் வந்ததும் மங்கிப்போகும். பல நாள் ஒரு நோயாளிக்கும் குழாய் ஏற்ற நேராத வண்டிகளும் உண்டல்லவா?

வழியில் குழாய் ஏற்ற நின்று காலம் போக்குவதைவிட, விரைவில் ஆஸ்பத்திரி சேர்ப்பதே மேல் என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். இரத்தம் வடியும் காயக்காரர் விஷயத்தில் இது முற்றும் உண்மையே. ஆனால் இந்த ஆட்சேபம் பயிற்சியின் அவசியத்தையே வலியுறுத்துகிறது. பழகியவர் வண்டி ஓடும்போதே ஒரு முயற்சியில் காரியத்தை முடிப்பார். முடியாதென்று கண்டால் உடனே கைவிட்டு விரைவார். பழகாதவரே குத்திக் குத்திக் காலத்தை இழப்பவர். எப்போது செய்யலாகாது என்ற விவேகமும் அனுபவத்தின் பயனே.

அப்படியாயின், பழகுவது எங்கே? ஏழையின் கை எழுதிப் பழகும் சிலேட்டுப் பலகை அன்று. முதலில் ரப்பர் கையில் பழக வேண்டும். பிறகு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில், தேர்ந்த டாக்டரும் நர்ஸும் அருகே நிற்க, நோயாளியின் சம்மதத்துடன் செய்ய வேண்டும். அதன் பின்னரே தனியே வண்டியில் செய்தல் தகும். வேலைக்குச் சேருமுன் ஒரு தடவை பயிற்சி அளித்ததோடு கடமை தீர்ந்ததென்று எண்ணலாகாது. மாதந்தோறும் சில நாட்கள் முண்டியம்பாக்கத்திலும் திண்டிவனத்திலும் உள்ள அரசு ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொரு உதவியாளருக்கும் முறை வைக்க வேண்டும். அந்நாட்களுக்குச் சம்பளம் குறைக்கலாகாது. மருத்துவம் சார்ந்த தொழில்களை ஒழுங்குபடுத்த 2021-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. ஊழியரின் விரலுக்கு இறங்கி வர வேண்டும்.

எத்தனை முறை முயன்றோம், எத்தனை முறை தவறினோம் என்று ஒவ்வொருவரும் ஒளிக்காமல் குறித்துவர வேண்டும். தவறியதை எழுதியவரைத் தண்டித்தால் கணக்கு பொய்யாகும். கற்பித்தால் கை திருந்தும். பொய்ச் சத்தியம் செய்வோர் அஞ்சும் வட்டப்பாறை திருவாமாத்தூர்க் கோயிலில் இருக்கிறது. அந்தப் பாறையின் முன் நின்று சொல்லும் வாக்கைப் போல் இக்கணக்கும் மெய்யாக இருக்கட்டும்.

தேசத்தொண்டில் ஈடுபட்ட நம் நேயர்கள் தத்தம் ஊர்க் கிராம சபையில் இக்கோரிக்கையை எழுப்புவார்களாக. நகரத்துத் தனவந்தனுக்குக் கிடைக்கும் தேர்ந்த கை திருவாமாத்தூர்க் கூலியாளுக்கும் கிடைக்குமன்றோ, நாம் பெற்ற சுதந்திரம் அவன் குடிசை வாயிலை எட்டியதென்று சொல்லலாம்!