"முஸ்லிம் குடும்பத்துக்கு மாத்திரம்"



இந்த வருடம் எங்கள் பாடசாலைக்கு ஒரு விஞ்ஞான ஆசிரியை இடமாற்றம் பெற்று வந்தார். தமிழ்ச் சகோதரி. இரண்டு சின்னப் பிள்ளைகள், கணவர் வெளிநாட்டில். கிட்டடியில் வாடகை வீடொன்று பார்த்துத் தருகிறோம் என்று ஆசிரியர் அறையில் நாங்கள் எல்லோரும் வாக்குக் கொடுத்தோம்.

ஒரு மாதம் அலைந்தோம். "வந்து பாருங்கோ" என்றவர்கள், பெயரைச் சொன்னதும் "நேற்றுத்தான் வேறு ஆளுக்குக் கொடுத்தோம்" என்றார்கள். அடுத்த வாரம் அதே வீடு ஊர் வட்ஸ்அப் குழுவில் வந்தது: "முஸ்லிம் குடும்பத்துக்கு மாத்திரம்." டீச்சர் யாரையும் குறை சொல்லவில்லை. காலையில் ஒன்றரை மணித்தியாலம் பஸ்ஸில் வந்து நமது பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார்.

எங்களுக்கு வெட்கமாக இருந்தது. கதவு சாத்தப்படும் வலி நமக்குத் தெரியாததா? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவர்கள் புத்தளத்தில் எத்தனை வருடம் அடுத்தவர் காணியில் ஓலைக் கொட்டில்களில் இருந்தார்கள்? 2019 ஏப்ரலுக்குப் பிறகு, கொழும்புப் பக்கம் வீடு தேடிப் போய், பெயரைச் சொன்னதும் திரும்பி வந்தவர்கள் நம் குடும்பங்களிலேயே இல்லையா? அன்று அதை அநியாயம் என்றோம். இன்று நாம் செய்வதற்கு என்ன பெயர்?

"சட்டத்தில் தடை இல்லையே" என்று ஒருவர் கேட்டார். நமது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இன, மத, மொழி, சாதி, பால் பாகுபாட்டைத் தடுக்கிறது. கடை, உணவகம், ஹோட்டல் போன்ற இடங்களையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வாடகை வீட்டைக் குறிப்பிடவில்லை. அத்தோடு, அடிப்படை உரிமை வழக்கு அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிராகத்தான் போடலாம். 2007 ஜூனில் கொழும்பு விடுதிகளிலிருந்த தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி அனுப்பியபோது, உயர் நீதிமன்றம் உடனடியாக இடைக்காலத் தடை விதித்தது. அது பொலிஸாரின் செயல் என்பதால் வழிபிறந்தது. ஒரு வீட்டுக்காரர் கதவைச் சாத்தினால் அந்த வழி இல்லை. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டமும் வாடகைப் பணம், வெளியேற்றம் பற்றித்தான் பேசுகிறது.

அமெரிக்காவில் 1968இலேயே இதற்கென்று ஒரு சட்டம் வந்துவிட்டது. உரிமையாளர் தானும் குடியிருக்கும் சிறிய கட்டடங்களுக்கு அது சில விலக்குகள் கொடுக்கிறது. ஆனால் விளம்பரத்தில் "இந்த இனத்துக்கு, இந்த மதத்துக்கு மட்டும்" என்று போட அவர்களுக்கும் அனுமதியில்லை. காரணம் விளங்குகிறது. அந்த ஒரு வரி, வீடு கேட்டு வராதவரையும் அவமதிக்கிறது.

வீட்டுக்காரரின் பயமும் எங்களுக்குத் தெரியும். வாடகை ஒழுங்காக வருமா, குடி, சத்தம், சண்டை வருமா, கேட்டால் எழும்புவார்களா? நியாயமான கேள்விகள். ஆனால் இவற்றுக்கெல்லாம் பெயரிலும் மார்க்கத்திலும் பதில் இல்லை. நம்மவர் என்று கொடுத்து, வாடகைக்கு அலைந்து திரிபவர்கள் நம் ஊரில் இல்லையா?

ஆகவே நாம் இப்படிச் செய்யலாம். விளம்பரத்தில் வீட்டைப் பற்றி மட்டும் எழுதுவோம்: எத்தனை அறை, தண்ணீர், மின்சாரம், வாடகை, முற்பணம். வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்போம்: என்ன தொழில், எத்தனை பேர், முன்பு எங்கே இருந்தீர்கள். முந்திய வீட்டுக்காரரிடம் விசாரிப்போம். மதுபானம் கூடாது என்றால் அதை ஒப்பந்தத்தில் எழுதுவோம், யார் வந்தாலும் அதே நிபந்தனை. கணவர் கூட இல்லை, சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்காக ஒரு தாயைத் திருப்பி அனுப்பாமல் இருப்போம். வட்ஸ்அப் குழுக்களை நடத்துபவர்கள் "மாத்திரம்" போட்ட விளம்பரங்களைத் திருத்தித் தரச் சொல்லலாம். பள்ளி நிர்வாகமும் ஒரு ஜும்ஆவில் இதைப் பேசலாம்.

அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோம். அண்டை வீட்டுக்கு யார் வரலாம் என்று நாம் போடும் விளம்பரத்தையும் அதே பிள்ளைகள் வாசிக்கிறார்கள்.

டீச்சர் இன்னும் வீடு தேடுகிறார். பாடசாலைக்குக் கிட்ட வீடு இருப்பவர்கள் எங்களுக்கு அறியத் தாருங்கள்.