பழைய பெட்டிக்கு ஒரு புது ரைட்டர்

புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள தெருக்களில் பல வீட்டு அலமாரிகளில் இன்னும் சிடி உறைகள் கிடக்கின்றன. ‘கல்யாணம் 2’ என்று மார்க்கரில் எழுதிய தட்டு ஒன்று, தாத்தாவின் பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புச் சான்றிதழை ஸ்கேன் செய்து பதிந்த தட்டு இன்னொன்று. கூடத்து மூலையில் துணி போர்த்திய பழைய கணினி. தட்டைப் போட்டால் டிரைவ் உள்ளே இழுக்கிறது, கொஞ்ச நேரம் சுற்றுகிறது, படிக்க முடியாமல் வெளியே தள்ளிவிடுகிறது. கணினியைக் காயலான் கடைக்குப் போடச் சொல்கிறார்கள். போட வேண்டாம், புது டிவிடி ரைட்டர் ஒன்றை வாங்கி அதில் இணைத்து, அந்தத் தட்டுகளை இந்த ஆண்டே படியெடுத்துவிடுங்கள் என்பதே என் வாதம்.

பல நேரம் கெட்டுப்போயிருப்பது தட்டு அல்ல. டிரைவின் லேசர் மங்கியிருக்கும், லென்ஸில் தூசி படிந்திருக்கும். பழைய டிரைவ் கைவிட்ட தட்டைப் புது டிரைவ் படித்துவிடுவது உண்டு. ஆனால் வாங்குமுன் பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். உள்ளே பொருத்தும் ரைட்டர்கள் இன்று சாட்டா வகை. பழைய மதர்போர்டில் இருப்பதோ 40 ஊசிகள் கொண்ட, பட்டையான கேபிள் செருகும் ஐடிஇ. அதனால் யுஎஸ்பி ரைட்டரே சுலபம். அதிலும் ஒரு சிக்கல். யுஎஸ்பி 1.1 போர்ட்டின் வேகம் நொடிக்கு 12 மெகாபிட்தான், 4.7 ஜிபி டிவிடி ஒன்றை எழுத ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 480 மெகாபிட் தரும் யுஎஸ்பி 2.0 கார்டு ஒன்றை பிசிஐ இடத்தில் செருகினால் இது தீரும். ஒரு போர்ட் தரும் மின்சாரம் ரைட்டருக்குப் போதாவிட்டால் இரண்டு போர்ட்டில் செருகும் கேபிள் வேண்டும். ஹார்ட்டிஸ்க் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அதில் நிற்காது. முழு டிவிடியையும் ஒரே கோப்பாக எடுத்துவைக்க முடியாது.

பழைய கணினி ஆபத்தானது என்பார்கள். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலோடு நின்றது உண்மைதான். இணையத்தோடு இணைக்காமல் படியெடுக்க மட்டும் பயன்படுத்தினால் அந்த ஆபத்து பெரிதும் குறையும். பென்டிரைவ் போதாதா என்பார்கள். பென்டிரைவில் ஒரு தவறான சொடுக்கு எல்லாவற்றையும் அழித்துவிடும். ஒருமுறை எழுதி முடித்த டிவிடி-ஆர் தட்டில் அப்படி அழிக்க முடியாது. தட்டும் கெடுமே என்ற மறுப்புதான் வலுவானது. எழுதும் தட்டின் சாயப்பூச்சு வெயிலிலும் வெப்பத்திலும் மங்கும். கடற்காற்றின் ஈரம் அதற்கு நல்லதல்ல. ஆகவே தட்டில் ஒரு படி, ஹார்ட்டிஸ்கில் ஒரு படி, வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் ஒரு படி என்று வைப்பதே முறை. தள்ளிப்போடவும் நேரமில்லை. தமிழ்ப் படத் தட்டுகளை மலிவு விலையில் வீடுதோறும் கொண்டுவந்த மோசர் பேயரைக் கலைக்க 2018-இல் ஆணை வந்தது. எழுதும் ப்ளூ-ரே தட்டுகளின் தயாரிப்பை சோனி 2025-இல் நிறுத்தியது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் தட்டு போடும் இடமே இல்லை.

இந்த வேலை புதுச்சேரிக்குப் புதிதல்ல. இங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சைவச் சுவடிகளும் அடங்கிய தொகுப்பை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நம் வெயிலிலும் ஈரத்திலும் ஓர் ஓலை சில நூற்றாண்டுகளைத் தாண்டுவது அரிது. இற்றுப்போகுமுன் யாரோ புது ஓலை வாரி, எழுத்தாணி பிடித்து, வரிக்கு வரி பெயர்த்தெழுதியதால்தான் பழைய நூல்கள் நம் கைக்கு வந்தன. படியெடுக்காத ஓலையைச் செல் தின்றது. ‘கல்யாணம் 2’ தட்டும் ஓர் ஓலைதான். மூலையில் இருக்கும் பெட்டியும் ஒரு புது ரைட்டரும் போதும், அதைப் பெயர்த்தெழுத.