கொப்பரை ஏறாத கழிவுத்தீனி

பன்றி வளர்ப்பில் செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் தீவனத்தில்தான் கைவைப்பார். செலவில் பெரும்பங்கு அதுதான். ஓட்டல், கல்யாண மண்டபக் கழிவு கிட்டத்தட்ட இலவசம். டெல்டாவில் தவிட்டுக்கும் குருணைக்கும் பஞ்சமில்லை. கோடியக்கரைப் பக்கம் மீன்கழிவும் சேர்ந்துகொள்ளும். இவ்வளவு இருக்கக் காசு கொடுத்துக் குட்டித் தீவனம் எதற்கு என்று கேட்டால், கேள்வி நியாயமாகத்தான் படும்.

ஆனால், குட்டியின் வயிறு இந்தக் கணக்குக்கு ஒத்துவராது. ஓட்டல் கழிவில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். வளர்ந்த பன்றி கூடுதலாகத் தின்று ஈடுகட்டிவிடும். பால்மறந்த குட்டி வயிறு முட்டத் தின்றாலும் உடம்பில் ஒட்டுவது கொஞ்சம்தான். தவிட்டில் நார் அதிகம், சதை வைக்க வேண்டிய லைசின் குறைவு. அதனால்தான் பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்தே 20 முதல் 22% புரதமுள்ள தீவனத்தை, தாய் எட்டாத தடுப்புக்குள் சிறிது சிறிதாக வைத்துப் பழக்கச் சொல்கிறார்கள். பால் மறந்ததும் அதே தீவனத்தைக் கூழாகக் கரைத்து வைத்தால் குட்டிகள் விரும்பித் தின்னும். தொட்டியில் மிஞ்சியது கடற்கரை வெக்கையில் புளித்தால் கழிச்சல் வரும். மலிவுத் தீனியைக் குட்டி தேறிய பிறகு தொடங்கலாம். கருவாட்டுக் கழிவில் மட்டும் கவனம் வேண்டும்: உப்பு ஏறி, குடிக்கத் தண்ணீரும் போதாவிட்டால் வலிப்பு கண்டு செத்துப்போகும்.

இதுவரை சொன்னது வளர்ப்பவரின் லாப நட்டம். கோடியக்கரையில் விஷயம் அதோடு முடிவதில்லை. 1967இல் அறிவிக்கப்பட்ட சரணாலயத்தில் வெளிமான்களோடு காட்டுப்பன்றிகளும் இருக்கின்றன. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் அசாமிலும் அருணாசலத்திலும் தலைகாட்டியது; 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் அதற்குப் பலியாயின. மனிதருக்குத் தொற்றாத நோய்தான். ஆனால், வேகாத பன்றி இறைச்சித் துண்டிலும் அந்தக் கிருமி உயிரோடிருக்கும். அது எச்சில் வாளி வழியாகப் பட்டிக்கும், தெருவில் மேயும் பன்றி வழியாகக் காட்டுக்கும் போகும்.

பிரிட்டனில் 2001இல் கோமாரி பரவியதற்குக் காய்ச்சாத கழிவுத்தீனியே தொடக்கம் என்று கண்டார்கள். லட்சக்கணக்கான கால்நடைகளைக் கொன்ற பிறகு அந்தத் தீனிக்கே தடை வந்தது. இங்கே தடை உதவாது என்பது என் எண்ணம். நாலைந்து பன்றி வைத்திருப்பவர் தொழிலை விடுவார். கழிவோ குப்பைமேட்டுக்குப் போகும், காட்டுப்பன்றி அங்கேயே வந்து தின்னும். கழிவை அரைமணி நேரமாவது கொதிக்கவைத்தால் கிருமி சாகும். அதற்குக் கொப்பரையும் விறகும் வேண்டும். தேசியக் கால்நடை இயக்கத்தின் 50% மூலதன மானியம் பெரிய பண்ணைகளை மனதில் வைத்தது. சில்லறை வளர்ப்பாளருக்கு எட்டாது. சரணாலயத்தை ஒட்டிய ஊராட்சிகளில் பொதுக் கொப்பரை வைக்கும் செலவைக் கால்நடைத் துறையும் வனத்துறையும் பகிர்ந்துகொள்ளலாம். பன்றியை அவிழ்த்துவிடாமல் பட்டியில் அடைத்து வளர்ப்பவருக்கே அந்தத் தீனி என்று நிபந்தனையும் போடலாம்.