இல்லமும் செலவும்: புதிய பெட்டி வேண்டுமா?

தில்லியில் வாழும் நம் அன்பர் ஒருவர் சென்ற ஞாயிறன்று என்னைக் கடைக்கு உடன் அழைத்துச் சென்றார். அங்கே 43 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டிகள் இரண்டு; ஒன்று முழு எச்.டி., மற்றது புதிதாய் வந்த 4கே. விலையில் வேற்றுமை ரூ. 9,000. பொங்கலுக்குக் குடும்பத்தோடு ஊர் செல்ல ஒதுக்கிய பணத்திலிருந்தே அதனை எடுத்தாக வேண்டும். “ஐயா, தாங்களே சொல்லுங்கள்” என்றார்.

முதற்பெட்டியின் திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். அடுத்ததில் 83 லட்சம். நான்கு மடங்கு என்பது மெய்யே. ஆயின் அவர்தம் அன்னையார் காண்பன தமிழ்ச் செய்திகளும் தொடர்களுமே. அவர்கள் வீட்டுச் சாதாரண டி.டி.எச். இணைப்பில் அவை 4 லட்சம் புள்ளி அளவிலேதான் வந்து சேருகின்றன. எஞ்சியவற்றைப் பெட்டி தானே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. கடையில் ஓடும் மயிலும் அருவியும் 4கே பெட்டிக்கென்றே எடுத்த படங்கள். (கடையில் எந்தப் பெட்டிதான் அழகில்லை!) மேலும், அவர்கள் கூடத்தில் நாற்காலிக்கும் திரைக்கும் எட்டடி. இவ்வளவு திரையில் ஏறத்தாழ ஐந்தரை அடிக்கு அப்பால், முழு எச்.டி.யின் புள்ளிகளே நல்ல கண்ணுக்கும் தனித்துத் தோன்றுவதில்லை.

55 அங்குலத் திரையை அருகிருந்து காண்போரும், இணைய வழியே 4கே படங்களை விரும்புவோரும் புதியதையே கொள்ளலாம். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. பழைய மாதிரிக்கு மென்பொருட் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதை மட்டும் விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

அன்பர் முழு எச்.டி.யையே வாங்கினார். பெட்டி வீடு வந்ததும் அன்னையார் அதனை ஏறிட்டும் பாராமல், “பொங்கலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்றா?” என்று வினவினாராம்.