கை நடுக்கம் நிற்கிறது, நடை திரும்புகிறதா? பார்க்கின்சன் நோயும் மூளைத் தூண்டல் சிகிச்சையும்

பார்க்கின்சன் நோய்க்குச் செய்யப்படும் ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சை பற்றிய காணொளிகள் சமூக ஊடகங்களில் அடிக்கடி பகிரப்படுகின்றன. பெரும்பாலும் ஒரே காட்சிதான். நோயாளியின் கை உதறிக்கொண்டிருக்கும். கருவியை இயக்கியதும் கை அமைதியாகிவிடும். இது பொய்யல்ல. ஆனால் கையை அமைதிப்படுத்திய கருவி காலையும் சீராக்கிவிடும் என்ற நம்பிக்கையையும் அந்தக் காட்சி சேர்த்தே விற்றுவிடுகிறது. காணொளியில் காட்டப்படாத அந்தப் பகுதியே பேசப்பட வேண்டியது என்று நினைக்கிறேன்.

இச்சிகிச்சையின் வரலாறு 1987 இல் பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் பேராசிரியர் அலிம் லூயி பெனாபித் மேற்கொண்ட பணியிலிருந்து தொடங்குகிறது. மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்முனைகள் பொருத்தப்படும். மார்புத் தோலுக்குக் கீழ் வைக்கப்படும் பற்றரியிலிருந்து அவற்றுக்கு மின்துடிப்புகள் செல்லும். பார்க்கின்சன் நோய்க்கு இதைப் பயன்படுத்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2002 இல் அனுமதி அளித்தது. நடுக்கம், உடல் இறுக்கம், அசைவின் மந்தம் ஆகியவற்றுக்கு இதன் பலன் உறுதியானது.

நடையும் சமநிலையும் வேறு கதை. நடந்துகொண்டிருக்கும்போதே கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடுவதும், திரும்பும்போது தடுமாறி விழுவதும் நோய் முற்றும்போது அதிகரிக்கின்றன. டோபமின் குறைபாடு மட்டும் இதற்குக் காரணமல்ல. மூளைத்தண்டு உட்பட வேறு பகுதிகளும் பாதிக்கப்படுகின்றன. எனவே வைத்தியர்கள் பொதுவாக ஓர் அளவுகோலைக் கையாள்கிறார்கள்: லெவோடோபா குளிசை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் நடை சீராகிறதா? சீரானால் தூண்டலும் உதவ வாய்ப்புண்டு. குளிசை நன்றாக வேலை செய்யும் நேரத்திலும் கால் உறைந்து நின்றால், சத்திரசிகிச்சையால் அதைச் சரிசெய்வது கடினம். சிலருக்கு நடையும் பேச்சும் முன்னரைவிட மோசமாவதும் உண்டு. நடுக்கம் இந்த விதிக்கு விலக்கு. குளிசைக்கு அடங்காத நடுக்கம்கூடத் தூண்டலுக்கு அடங்கக்கூடும்.

இந்தக் குறையைத் தீர்க்க முயற்சிகள் நடக்காமலில்லை. மின்துடிப்பின் வேகத்தை வழமையான 130 ஹேர்ட்ஸ் அளவிலிருந்து 60 ஆகக் குறைத்தபோது சிலரின் நடை மேம்பட்டது. ஆனால் அது எல்லோரிடமும் நிலைக்கவில்லை. 2005 முதல் மூளைத்தண்டிலேயே மின்முனை வைத்துப் பார்த்தார்கள். முடிவுகள் ஆளுக்கு ஆள் மாறுபட்டன.

2023 நவம்பரில் வெளியான செய்தி பலருக்கு நினைவிருக்கலாம். சுவிட்சர்லாந்தின் லௌசான் நகர ஆய்வாளர்கள், பிரெஞ்சு ஆய்வாளர்களுடன் சேர்ந்து, சுமார் 30 வருடங்களாக இந்நோயுடன் வாழ்ந்த ஒருவரின் முள்ளந்தண்டில் மின்முனைகளைப் பொருத்தினர். அவர் தடுமாறாமல் நடந்தார். “பார்க்கின்சன் நோயாளி மீண்டும் நடக்கிறார்” என்ற பாங்கில் தலைப்புகள் வந்தன. அந்த ஆய்வு ஒரேயொரு நோயாளியிடம் செய்யப்பட்டது என்பதைப் பல வாசகர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். அவருக்கு 2004 இலேயே மூளைத் தூண்டல் செய்யப்பட்டிருந்தது என்பது அதைவிட முக்கியம். மூளையில் கருவி இருந்தும் அவரது கால்கள் உறைந்தன, அவர் விழுந்தார். அதனால்தான் ஆய்வாளர்கள் முள்ளந்தண்டுக்குச் சென்றார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019 இல் 85 இலட்சத்துக்கும் அதிகமானோர் இந்நோயுடன் வாழ்ந்தனர். காணியை ஈடுவைத்தாவது இந்தியாவுக்குப் போய்ச் செய்துவிடுவோம் என்று எண்ணும் நம் குடும்பங்களுக்கு இதெல்லாம் வெறும் ஆய்வுச் செய்தியல்ல. கருவியைப் பொருத்தியதோடு வேலை முடிவதில்லை. மின்துடிப்பின் அளவைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். மீள்மின்னேற்ற முடியாத பற்றரியைச் சில வருடங்களில் மாற்றவும் வேண்டும். அதை யார், எங்கே செய்வது?

சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் வைத்தியரிடம் நேராகக் கேளுங்கள்: “அப்பாவுக்கு எது குறையும், எது குறையாது?” நடைதான் பிரதான பிரச்சினை என்றால், குளிசை கொடுத்து அவர் நடப்பதைப் பரிசோதித்தார்களா என்றும் கேளுங்கள். தரையில் கோடுகள் ஒட்டி அவற்றைத் தாண்டி நடப்பது, தாளத்துக்கு அடியெடுத்து வைப்பது போன்ற இயன்மருத்துவப் பயிற்சிகள் உறைந்த காலை அசைக்கப் பலருக்கு உதவுகின்றன. அவை காணொளியாகப் பரவுவதில்லை. அவற்றுக்குக் காணியை ஈடுவைக்கவும் தேவையில்லை.