இரண்டாவது தாண்டலையும் எழுதுங்க சார்!

செஞ்சிக்கோட்டைக்கு வந்தவர்களுக்குத் தெரியும். ராஜகிரி மேலே ஏறி, மூச்சு வாங்கி, "அப்பாடா, வந்தாச்சு" என்று நினைக்கும் இடத்தில் ஒரு பெரிய பாறைப் பிளவு இருக்கும். அதன் மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் அது மரத்தால் ஆன இழுவைப் பாலம். எதிரி வந்தால் பாலத்தை எடுத்துவிட்டால் போதும், உள்ளே இருக்கிற ராஜா நிம்மதியாகத் தூங்கலாம்.

எங்க ஊர்ப் பசங்களுக்கு அந்த இடத்தில் நின்றால் ஒரே ஒரு கேள்விதான் வரும். "மச்சி, பாலம் இல்லன்னா இதைத் தாண்ட முடியுமாடா?"

நானும் கேட்டிருக்கிறேன். பிறகு இதன் அகலம் எவ்வளவு என்று தேடிப் பார்த்தேன். ஒரு நூலில் 24 அடி. இன்னொன்றில் 10 கஜம். 24 அடி என்றால் சுமார் 7.32 மீட்டர். ஓடி வர மட்டும் இடம் கொடுத்தால் நம்ம முரளி ஸ்ரீசங்கர் சிரித்துக்கொண்டே தாண்டிவிடுவார். 10 கஜம் என்றால் 9.14 மீட்டர். மைக் பாவெல் 1991இல் டோக்கியோவில் தாண்டிய உலக சாதனையே 8.95தான். அவரும் பள்ளத்தில் விழ வேண்டியதுதான் :-)

பிளவு அதேதான். அளந்தவர் நோட்டில் என்ன எழுதினார் என்பதைப் பொறுத்து ஒருத்தன் பிழைக்கிறான், ஒருத்தன் விழுகிறான். இந்தப் பதிவும் அந்த நோட்டைப் பற்றித்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

2022 ஆகஸ்ட் 4. பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி, ஆண்கள் நீளம் தாண்டுதல் இறுதிச் சுற்று. நம்ம ஊரில் நள்ளிரவு தாண்டிவிட்டது. நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மொபைலில் பார்த்துக்கொண்டிருந்தேன் (அம்மாவுக்குத் தெரியாது).

பஹாமாஸ் நாட்டு லாக்வான் நேர்ன் இரண்டாவது வாய்ப்பிலேயே 8.08 மீட்டர் தாண்டிவிட்டார். ஸ்ரீசங்கருக்கு முதலில் 7.60. அப்புறம் 7.84. மறுபடியும் 7.84. நான்காவது நல்ல தாண்டல், ஆனால் மயிரிழையில் ஃபவுல். ஐந்தாவதில் பறந்தார் பாருங்கள், 8.08! அதே 8.08! ஒரு சென்டிமீட்டர் கூட இல்லை, குறைவும் இல்லை. ஆறாவது மறுபடியும் ஃபவுல்.

இரண்டு பேரும் சமம். ஆனால் தங்கம் நேர்னுக்கு, வெள்ளி ஸ்ரீசங்கருக்கு. காரணம், சமமாக வந்தால் இருவரின் இரண்டாவது சிறந்த தாண்டலைப் பார்ப்பார்கள். நேர்னுக்கு அது 7.98. ஸ்ரீசங்கருக்கு 7.84. முடிந்தது கதை.

காமன்வெல்த் போட்டியில் இந்திய ஆண் ஒருவர் நீளம் தாண்டுதலில் வாங்கிய முதல் வெள்ளி அது. அதற்கு முன்னால் 1978இல் எட்மன்டனில் சுரேஷ் பாபு வாங்கிய வெண்கலம்தான். அப்படிப்பட்ட நாளில் எங்கள் வகுப்பில் நடந்தது பாராட்டு இல்லை, சண்டை. "அநியாயம்டா! ரெண்டு பேரும் 8.08. ரெண்டு பேருக்கும் தங்கம் கொடுக்க வேண்டியதுதானே? முந்தின வருஷம் ஒலிம்பிக்ல உயரம் தாண்டுதல்ல கொடுத்தாங்களே!"

இந்த வாதத்தை இன்று வரைக்கும் கேட்கிறேன். இது தப்பு என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த உயரம் தாண்டுதல் கதை. 2021 ஆகஸ்ட் 1, டோக்கியோவில் கத்தாரின் பார்ஷிமும் இத்தாலியின் தம்பேரியும் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். எல்லோரும் கண் கலங்கினோம். ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். அங்கேயும் முதலில் கணக்குப் பார்த்தார்கள். கடைசியாகத் தாண்டிய உயரத்தில் யார் அதிகம் தவறவிட்டார்கள், மொத்தத்தில் யார் அதிகம் தவறவிட்டார்கள் என்று பார்த்து, அதிலும் இருவரும் சமம் என்ற பிறகுதான் பகிர்வு என்ற பேச்சே வந்தது. அடுத்த நாளே அதே மைதானத்தில் நீளம் தாண்டுதலில் கிரீஸின் டென்டோக்லுவும் கியூபாவின் எச்செவர்ரியாவும் ஆளுக்கு 8.41. இரண்டாவது சிறந்த தாண்டல் 8.15 வைத்திருந்த டென்டோக்லுவுக்குத் தங்கம். 8.09 வைத்திருந்த எச்செவர்ரியாவுக்கு வெள்ளி. ஆக, ஒலிம்பிக்கிலும் விதி இதேதான். நமக்கு எதிராக யாரும் சதி செய்யவில்லை.

இரண்டாவது, இந்த விளையாட்டின் தன்மை. சுமார் 40 மீட்டர் ஓடி வந்து, 20 சென்டிமீட்டர் அகலப் பலகையில் காலை வைக்க வேண்டும். கோட்டைத் தாண்டிக் கட்டை விரல் நீண்டால் ஃபவுல். முன்பெல்லாம் பலகைக்கு அடுத்த களிமண்ணில் தடம் பதிந்தால்தான் ஃபவுல். 2021 நவம்பரிலிருந்து, தடம் பதியாவிட்டாலும் ஷூவின் நுனி கோட்டுக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டிருந்தாலே போச்சு. சரி, பயந்து பின்னால் காலை வைத்தால்? அந்த தூரம் நஷ்டம். பலகையில் எங்கே கால் வைத்தாலும் அளவு கோட்டிலிருந்துதான். முழு வேகத்தில் ஓடி வருகிறவன் இதை ஒரு தடவை சரியாகச் செய்துவிடலாம். காற்று உதவலாம், கால் தானாக அமையலாம். மறுபடியும் செய்வதுதான் திறமை.

தூத்துக்குடி மாவட்டம் முதலூர்க்காரர் ஜெஸ்வின் ஆல்ட்ரினை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 மார்ச்சில் பெல்லாரியில் 8.42 மீட்டர் தாண்டி தேசிய சாதனை படைத்தார். சாதாரண தூரமா அது? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய தூரமே 8.36தான். ஆனால் 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதியில் ஜெஸ்வினுக்கு 7.76, எட்டாம் இடம். பாரிஸ் தகுதிச் சுற்றில் இரண்டு ஃபவுலுக்குப் பிறகு 7.61. உடனே நம்ம ஆட்கள் "ஓவர் பில்டப்" என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. கோபம் நம் மேல்தான். 8.42 என்ற ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் கொண்டாடியது நாம். அந்த எண்ணுக்குக் கீழே இருக்கிற மற்ற தாண்டல்களை யாராவது கேட்டோமா? கேட்டிருந்தால் அளவோடு எதிர்பார்த்திருப்போம், அளவோடு திட்டியிருப்போம். அதே ஹாங்சோவில் ஸ்ரீசங்கர் 8.19 தாண்டி வெள்ளி வாங்கினார். தங்கம் வாங்கிய சீனாவின் வாங் ஜியானான் 8.22. வெறும் 3 சென்டிமீட்டர்! பர்மிங்காமில் அவரை விட்டுப் போன இரண்டாவது தாண்டல்தான் இவரை இப்படி விடாமல் ஓட வைத்ததோ என்று நினைத்துக்கொள்வேன். இது என் கற்பனைதான்.

இப்போது என் சொந்தக் கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

2019, நான் ஒன்பதாம் வகுப்பு. குறுவட்டப் போட்டி. பலகை எல்லாம் கிடையாது, சுண்ணாம்புக் கோடுதான். ஆளுக்கு மூன்று சான்ஸ். முதல் இரண்டு பேர் மாவட்டப் போட்டிக்கு விழுப்புரம் போகலாம். எனக்கு முதல் இரண்டும் ஃபவுல். மூன்றாவதில் கிட்டத்தட்ட கண்ணை மூடிக்கொண்டு ஓடினேன். 5 மீட்டர் 4 சென்டிமீட்டர். என் கூடவே தினமும் பயிற்சி எடுத்த என் வகுப்புத் தோழனுக்கும் அதே 5.04. ஆனால் அவனுக்கு மூன்று தாண்டலும் சரியான தாண்டல். ஒன்று கூட ஃபவுல் இல்லை.

இரண்டாவது இடத்துக்கு நாங்கள் இரண்டு பேர். நோட்டைப் பார்த்தார்கள். நோட்டில் ஆளுக்கு ஒரே எண்தான் இருந்தது, சிறந்த தாண்டல் மட்டும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அடுத்த போட்டிக்குப் பசங்கள் காத்திருந்தார்கள். அங்கிருந்த ஒருவர் பாக்கெட்டிலிருந்து ஒரு ரூபாய் காசை எடுத்துச் சுண்டினார். பூ விழுந்தது. நான் பூ கேட்டிருந்தேன்.

அப்போது எனக்கு இந்த விதி தெரியாது. அவனுக்கும் தெரியாது. "நல்லா தாண்டுடா" என்று சொல்லி அவனுடைய கால்சட்டையை எனக்குக் கொடுத்தான், என்னுடையது கிழிந்திருந்தது. விழுப்புரத்தில் நான் மூன்றும் ஃபவுல். அடுத்த வருஷம் கொரோனா. அதற்கப்புறம் அவன் மணல் குழிப் பக்கமே வரவில்லை. கேட்டால், "நமக்கு ராசி இல்லடா" என்பான்.

2022இல் அந்த நள்ளிரவில், கமென்டேட்டர் அந்த விதியை விளக்கியபோது, ஸ்ரீசங்கருக்கு வந்த வருத்தத்தில் பாதி எனக்கும் வந்தது. ஆனால் காரணம் வேறு. ராசியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அன்றைக்கு விழுப்புரம் போயிருக்க வேண்டியவன் அவன். இரண்டு கட்டம் கூடுதலாகப் போட்டு எழுதியிருந்தால் காசே தேவைப்பட்டிருக்காது.

அவனிடம் சொல்ல எனக்கு ஒரு மாசம் ஆனது. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப நான் தோக்கலயாடா?" என்றான். அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்விக்கு நான் இன்னும் சரியான பதில் சொல்லவில்லை. இந்தப் பதிவு ஒருவேளை பதிலாக இருக்கலாம். ஆமாடா, நீ தோக்கல.

"இரண்டாவது தாண்டல் விதி அநியாயம்" என்று சொல்லும் நண்பர்களே, அந்த விதி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். காசு சுண்டுவார்கள். அல்லது யார் வீட்டுப் பையன் என்று பார்ப்பார்கள். பர்மிங்காமில் ஸ்ரீசங்கர் தங்கத்தை இழந்தார், சரி. ஆனால் ஏன் இழந்தேன் என்பது அவருக்குத் தெரியும். எண் இருக்கிறது, 7.84. அதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ராசியைப் பார்த்து எதைத் திருத்த?

அதனால் பி.டி. சார்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்டேடியம் கேட்கவில்லை, சிந்தெடிக் டிராக் கேட்கவில்லை. நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள். மூன்று தாண்டலையும் எழுதுங்கள், ஃபவுலையும் எழுதுங்கள். ஒரு ஸ்கேலும் பேனாவும் போதும்.

போன தடவை பழைய மாணவன் என்ற முறையில் ஒரு பள்ளி விளையாட்டு விழாவில் டேப் பிடிக்கப் போனேன். நானே கட்டம் போட்டு எல்லாத் தாண்டலையும் எழுதினேன். சமம் எதுவும் வரவில்லை. என் மூன்று கட்டத்துக்கு வேலையே இல்லை. போட்டி முடிந்து டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, ஐந்தாவதோ ஆறாவதோ வந்த ஒரு பொடியன் கால் முழுக்க மணலோடு வந்து நோட்டை எட்டிப் பார்த்தான்.

"அண்ணா, என்னோட ரெண்டாவது எவ்ளோ?"

சொன்னேன். விரலை மடக்கி மூன்றாவதோடு கணக்குப் பார்த்தான். "அப்ப ஏறிக்கிட்டேதான்ணா போயிருக்கு!" என்று சொல்லிவிட்டு ஓடிப் போனான்.

பி.கு.: ராஜகிரிப் பிளவை யாரும் தாண்டிப் பார்க்க வேண்டாம். 24 அடியா, 30 அடியா என்பது முடிவாகும் வரை பாலத்திலேயே போகவும் :-)